ஒரு சாண் தூரத்தில் மைக்

கேள்வி: நானும் என் கணவரும் தேனிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். பழைய நெல், சிறுதானிய விதைகளைக் காப்பாற்றி வைத்திருக்கும் பெரியவர்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்து யூடியூபில் போடுகிறோம். கேனான் 200டி கேமரா இருக்கிறது. ஆளுக்கொரு ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது, அதில் என்னுடையதில் ஹெட்போன் துளை கிடையாது. படம் நன்றாக வருகிறது. பேச்சுதான் எங்கோ தூரத்தில் கேட்கிறது. காற்றும் மோட்டார் சத்தமும் அதன் மேல் ஏறிவிடுகின்றன. காலர் மைக் வாங்கலாம் என்று பார்த்தால் 300 ரூபாயிலிருந்து 60,000 ரூபாய் வரை இருக்கிறது. இப்போதைக்கு 3,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும். எதை வாங்குவது? பணம் சேர்த்து நல்லதாக வாங்கும்வரை காத்திருப்பது மேலா? சில சமயம் தாத்தா, பாட்டி இருவரையும் சேர்ந்து உட்கார வைத்துப் பேச வைக்கிறோம். அதற்கு என்ன வழி?

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

காத்திருக்க வேண்டாம். நீங்கள் பேட்டி எடுக்கிறவர்களின் வயதை நினைத்தால், பணம் சேரட்டும் என்று ஒரு வருஷம் தள்ளிப்போடுவது சரியல்ல. கையில் இருக்கும் 3,000 ரூபாய்க்குள்ளேயே தெளிவான பேச்சைப் பதிவுசெய்ய முடியும், இரண்டு பேருக்கும் சேர்த்தே. 18 வருஷமாக ஒலிப்பதிவு வேலையில் இருக்கிறேன். ஆவணப்படம், நேர்காணல், கல்யாண வீடு, மேடை என்று பலருக்கும் மைக் மாட்டியிருக்கிறேன். பேச்சு நன்றாக வருவதும் வராததும் முதலில் வாய்க்கும் மைக்குக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதில்தான் இருக்கிறது. விலை அதற்கு அப்புறம்தான்.

உங்கள் குறையையே எடுத்துக்கொள்வோம். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், கேமரா 6 அடி தள்ளி நிற்கிறது. அவர் குரல் அந்த 6 அடியைக் கடந்துதான் கேமரா மைக்குக்கு வர வேண்டும். மைக்கை அவர் நெஞ்சில், மோவாய்க்குக் கீழே ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, சுமார் 20 சென்டிமீட்டரில் வைத்தால் தூரம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும் என்பது கணக்கு (டெசிபல் என்பது ஒலியை அளக்கும் அலகு). ஒன்பதில் ஒரு பங்கு என்றால் ஏறத்தாழ 19 டெசிபல். தோட்டத்து மோட்டார் 100 அடிக்கு அப்பால் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அதற்கு இந்த 6 அடி ஒரு பொருட்டே இல்லை. கேமராவில் எவ்வளவு கேட்குமோ சட்டையிலும் அவ்வளவுதான் கேட்கும். ஆக, குரல் மட்டும் 19 டெசிபல் மேலே எழும்பி வந்துவிடுகிறது. எவ்வளவு பணம் போட்டு வாங்கிய மைக்கானாலும் கேமரா தலையில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியாது.

ஆயிரம் ரூபாய் மைக் எப்படி நன்றாக இருக்கும் என்று சந்தேகம் வரும். 1962ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் எலெக்ட்ரெட் மைக்கை உருவாக்கினார்கள். அதற்கு முன்பு, மின்னேற்றம் உள்ள சவ்வின் அசைவால் ஒலியைப் பிடிக்கும் கண்டென்சர் மைக் என்றால் அதன் சவ்வில் மின்னேற்றம் நிற்க வெளியிலிருந்து அதிக வோல்டேஜ் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இவர்கள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலத்திலேயே மின்னேற்றத்தை நிரந்தரமாகத் தங்க வைத்தார்கள். மைக் சுண்டு விரல் நுனியளவுக்குச் சிறுத்ததும், விலை சரிந்ததும் அதனால்தான். உங்கள் ஆயிரம் ரூபாய் மைக்கில் இருப்பதும், சினிமாக்காரர்கள் பயன்படுத்தும் விலை கூடிய காலர் மைக்குகளில் பெரும்பாலும் இருப்பதும் அதே தத்துவம்தான்.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்குப் போகிறது? மைக்கின் சொந்த இரைச்சல் குறைகிறது. வயர் மெலிதாகவும் அறுந்துபோகாததாகவும் இருக்கிறது. வியர்வை பட்டாலும் தாங்குகிறது. டிபிஏ 6060 என்ற விலை கூடிய காலர் மைக்கின் குறுக்களவு 3 மில்லிமீட்டர்தான். சட்டைப் பொத்தானுக்கு நடுவில் ஒளித்துவிடலாம். கதைப் படத்தில் மைக் கண்ணுக்குத் தெரியக்கூடாது, அதனால் அங்கே அந்தப் பணத்துக்கு அர்த்தம் உண்டு. விதை பற்றிப் பேசும் பெரியவரின் சட்டையில் மைக் தெரிந்தால் பார்ப்பவர் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

சரி, வாங்க வேண்டியதைச் சொல்கிறேன். போயா பிஒய்-எம்1 என்ற வயர் மைக். ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் கிடைக்கிறது. 6 மீட்டர் வயர், கூடவே போனுக்கும் கேமராவுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சின்ன சுவிட்ச் பெட்டி. உங்கள் கணவர் போனுக்கு இதை வாங்குங்கள். ஹெட்போன் துளை இல்லாத உங்கள் போனுக்கு அதே நிறுவனத்தின் பிஒய்-எம்3 இருக்கிறது. அது நேராக டைப்-சி துளையில் சொருகுவது. துளையை மாற்றித் தரும் அடாப்டர் போட்டு எம்1ஐயே பயன்படுத்தலாம் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். மலிவான அடாப்டர்கள் சில போன்களில் வேலை செய்வதே இல்லை, அதனால் உங்கள் போனில் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

எம்1 வாங்கியவர்களில் பாதிப் பேர் அந்தச் சுவிட்சில் தடுக்கி விழுகிறார்கள். போனில் போடும்போது அது 'ஸ்மார்ட்போன்' பக்கம் இருக்க வேண்டும், பேட்டரி தேவையில்லை. கேமராவில் போடும்போது 'கேமரா' பக்கம் தள்ள வேண்டும். உள்ளே எல்ஆர்44 என்ற பொத்தான் பேட்டரி இருக்க வேண்டும். கேமரா பக்கமே விட்டுவிட்டால் பேட்டரி தானாகத் தீர்ந்துபோகும், அடுத்த பேட்டியில் சத்தமே வராது. இரண்டு பேட்டரியை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

வேறு ஏதாவது மைக் வாங்க நேர்ந்தால் முதலில் வயர் நுனியில் இருக்கும், துளையில் சொருகும் பின்னைப் பாருங்கள். அதில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் போனுக்கானது, இரண்டு இருந்தால் கேமராவுக்கானது. மாற்றிச் சொருகினால் பெரும்பாலும் ஒன்றும் கேட்காது, மைக் கெட்டுப்போய்விட்டதோ என்று நினைப்போம். உங்கள் 200டியில் மைக் துளை இருக்கிறது, நல்லது. அதே நிறுவனத்தின் 1500டி வைத்திருப்பவர்களுக்கு அந்தத் துளையே கிடையாது. அவர்கள் போன் போன்ற வேறொரு கருவியில் தனியாகப் பதிவுசெய்ய வேண்டியதுதான்.

உங்களையும் நான் போனில்தான் பதிவுசெய்யச் சொல்வேன். கேமராவுக்கு வயர் இழுத்தால் பெரியவர் எழுந்து விதைப் பானையை எடுக்கப் போகும்போது கால் தடுக்கும், இல்லை கேமரா விழும். அதனால் மைக்கைப் போனில் சொருகி, போனை அவர் சட்டைப்பையிலோ வேட்டி மடிப்பிலோ வைத்துவிடுங்கள். 6 மீட்டர் வயரைச் சுருட்டி ஒரு ரப்பர் பேண்ட் போட்டு அதோடு வைத்துவிடலாம். அவர் எங்கே நடந்தாலும் மைக் கூடவே போகும். எந்த அலைவரிசையும் இல்லை, விட்டுவிட்டுக் கேட்கும் பிரச்சினையும் இல்லை. வயர்லெஸ் மைக் தரும் சுதந்திரத்தில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடுகிறது.

போனை முதலில் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். பேட்டி நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம், சிக்னல் தேடும்போது டர்ர்ர் என்று ஒரு சத்தமும் மைக்கில் ஏறும். பதிவு செய்யும் செயலியில் ஒலியை நசுக்காமல் சேமிக்கும் வேவ் (WAV) கோப்பு வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கேமராவையும் ஓடவிட்டு, பெரியவர் முகத்துக்கு முன்னால் ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். கேமராவின் சொந்த ஒலியை அணைத்துவிடாதீர்கள். மோசமாக இருந்தாலும் பொருத்திப் பார்க்க அது வேண்டும். எடிட்டிங்கில் அந்தக் கைதட்டலைப் பார்த்து இரண்டையும் ஒன்றாக நிறுத்திவிடலாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே ஒலி அலையைப் பார்த்துத் தானாகப் பொருத்தித் தருகிறது. இன்னொன்று: 200டி ஒரு பதிவை 29 நிமிடம் 59 விநாடியில் நிறுத்திவிடும். திரும்ப ஓடவிடும்போது மறுபடியும் தட்ட வேண்டும். நீண்ட பேட்டியில் போனின் கடிகாரமும் கேமராவின் கடிகாரமும் மெல்ல விலகும் என்பதால், இப்படி அடிக்கடி தட்டுவது எப்படியும் நல்லதுதான்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு, பதிவாகும்போது நீங்கள் கேட்க முடியாது. அதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் நாகசுரம் செய்யும் ஆசாரி ஒருவரை 40 நிமிடம் பேச வைத்தேன். மரத்தை எத்தனை வருஷம் காயப்போட வேண்டும் என்பதிலிருந்து துளையிடுவது வரைக்கும் மனம் விட்டுச் சொன்னார். வீட்டுக்கு வந்து கேட்டால் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. போனுக்குப் போட்டிருந்த தடித்த உறையால் பின் கடைசிவரை உள்ளே போகவில்லை. போன் தன் சொந்த மைக்கில், பைக்குள் இருந்தபடியே பதிவுசெய்திருக்கிறது. மறுபடி போய்க் கேட்டேன், பொறுமையாகத் திரும்பவும் சொன்னார். ஆனால் முதல் நாள் வந்த பேச்சு வரவில்லை.

அன்றிலிருந்து உறையைக் கழற்றாமல் மைக் சொருகுவதில்லை. சொருகியதும் பதிவை ஓடவிட்டு மைக் நுனியை நகத்தால் லேசாகச் சுரண்டுவேன், அப்புறம் போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டுவேன். எதைச் சுரண்டும்போது திரையில் ஒலியின் அளவைக் காட்டும் முள் துள்ளுகிறதோ அந்த மைக்கில்தான் பதிவாகிறது. பிறகு அரை நிமிடம் பேச வைத்து, ஹெட்போனில் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பேட்டியைத் தொடங்குவேன். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். தயவுசெய்து எந்த அவசரத்திலும் இதை விட்டுவிடாதீர்கள். போனிலேயே படமும் எடுப்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கூடவே வரும் கேமரா செயலி சில போன்களில் வெளி மைக்கை எடுத்துக்கொள்வதே இல்லை. ஓபன் கேமரா என்ற இலவசச் செயலியில் வெளி மைக்கைத் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது.

இனி மாட்டும் விஷயம். உங்கள் பேட்டிகளுக்கு மைக் தேர்வைவிட இதுதான் பெரிய வேலை என்று நினைக்கிறேன்.

நம் ஊர்ப் பெரியவர்களில் பலர் சட்டையே போடாமல் தோளில் ஒரு துண்டோடு உட்கார்ந்திருப்பார்கள். துண்டில் மாட்டினால் அவர் அதை இழுத்து இழுத்துப் போடுவார், ஒவ்வொரு தடவையும் கரகரவென்று ஏறும். அவருக்குச் சம்மதம் என்றால் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டச் சொல்லி, நெற்றிக்கு மேலே ஓரத்தில் மைக்கை மாட்டி, வயரைப் பிடரி வழியாக இறக்கிவிடுங்கள். மேடை நாடகங்களில் நடிகர்களுக்கு முடி தொடங்கும் இடத்தில் மைக் வைப்பார்கள், அதே இடம்தான். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் வாய்க்கும் மைக்குக்கும் தூரம் மாறாது, குரல் ஒரே சீராக வரும். தலைப்பாகை வேண்டாம் என்றால் மெடிக்கல் கடையில் கிடைக்கும் காகித டேப்பைக் கொண்டு நெஞ்சுக்குழியில் ஒட்டலாம். வியர்வையைத் துடைத்துவிட்டு ஒட்டினால் நிற்கும். மயிர் அடர்ந்த மார்பில் இது வேண்டாம், பிடுங்கும்போது வலிக்கும்.

சட்டை போட்டவரானால் முதலில் சட்டைப்பையைக் காலி செய்யச் சொல்லுங்கள். பணம், ரேஷன் அட்டை, மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைத்திருப்பார்கள். மூச்சு விட்டாலே அது மொறுமொறுக்கும். புதுச் சட்டையைவிடத் துவைத்துப் பழகிய பருத்திச் சட்டை நல்லது. பேட்டி என்பதால் பெரியவர் கஞ்சி போட்டு வெளுத்த சட்டையை உடுத்தி வருவார். அதை மாற்றச் சொல்ல மனம் வராது, அப்போது மைக்கைத் துணிக்கு உள்ளே ஒளிக்காமல் வெளியே தெரியும்படி மாட்டிவிடுங்கள். உரசல் பாதியாகக் குறையும்.

பாட்டிமார்களுக்கு மாட்டும் வேலையை நீங்களே செய்யுங்கள், உங்கள் கணவர் அந்த நேரம் கேமராவைப் பார்க்கட்டும். மைக்கைக் கையில் கொடுத்து, இன்ன இடத்தில் வரும், வயர் இப்படிப் போகும் என்று காட்டிவிட்டு மாட்டினால் கூச்சம் போய்விடும். முந்தானையில் மாட்டக் கூடாது. ரவிக்கைக் கழுத்தோரம் நல்ல இடம். முந்தானை அதன்மேல் விழாதபடி ஊக்கு குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். தாலிச் சங்கிலி, பாசிமணி எது இருந்தாலும் மைக்கில் டக் டக்கென்று மோதும். கழற்றச் சொல்ல வேண்டாம். மைக்கை ஒரு பக்கமாக நகர்த்துங்கள், இல்லை சங்கிலியைத் துணிக்குள் விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ரவிக்கை அணியாத பாட்டியானால் தோளருகே சேலைக் கட்டு இறுக்கமாக நிற்கும் மடிப்பைப் பாருங்கள்.

யாருக்கு மாட்டினாலும், கிளிப்புக்குக் கீழே வயரை ஒரு சின்ன வளையமாகச் சுற்றி, அந்த வளையத்தைத் துணியில் டேப்பால் ஒட்டிவிடுங்கள். வயர் அசைந்தால் அந்த அசைவு வளையத்தோடு நின்றுவிடும், மைக்குக்கு ஏறாது. நான் எங்கே போனாலும் பையில் ஒரு காகித டேப் சுருள் இருக்கும். அதன் விலை மிகக் குறைவு, அது காப்பாற்றிய பேட்டிகள் ஏராளம்.

காற்றுக்கு மைக்கோடு வரும் கறுப்பு ஸ்பாஞ்ச் போதாது. மின்விசிறிக் காற்றுக்கு அது சரி, உங்கள் ஊர் ஆடிக் காற்றுக்குத் தாங்காது. காலர் மைக்குக்கென்றே பூனைமயிர்போல் ஒரு சின்ன உறை விற்கிறார்கள், சில நூறு ரூபாய்தான். இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு பெரியவரைக் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள், அவர் உடம்பே தடுப்பாக நிற்கும். மோட்டார்? முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற நேரமாக இல்லாவிட்டால் அரை மணி நேரம் நிறுத்திவைக்கக் கேளுங்கள். பேட்டி என்றால் யாரும் மறுப்பதில்லை. இரைச்சல் நீக்கும் பொத்தானையோ மென்பொருளையோ நம்பிப் பதிவு செய்யாதீர்கள். கொஞ்சம் நீக்கினால் உதவும்; அதிகம் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகி, தேனிப் பேச்சின் இழுவையும் சேர்ந்து கரைந்துவிடும். அதைப் பதியத்தானே போகிறீர்கள்.

300 ரூபாயிலிருந்து மைக் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த விலையில் பெட்டியில் பெயர்கூட இல்லாமல் வரும் வயர்லெஸ் மைக்குகளைச் சொல்கிறேன். வாங்க வேண்டாம். அவற்றில் பல ஒலியை நசுக்கி அனுப்புகின்றன, 's' ஓசைபோல் வரும் ஸ, ஷ எல்லாம் தேய்ந்துவிடும், பேச்சு படத்துக்குப் பின்னால் வரும். அந்தப் பணத்தோடு 700 ரூபாய் சேர்த்தால் வயர் மைக் வந்துவிடுகிறது.

பின்னால் பணம் சேர்ந்தால் வயர்லெஸுக்குப் போகலாம். 10,000 ரூபாய் அளவில் ஹாலிலேண்ட் லார்க் எம்2, டிஜேஐ மைக் மினி போன்றவை இருக்கின்றன. சட்டையில் மாட்டும் பகுதி 10 கிராமைச் சுற்றித்தான் எடை, பழைய பனியனில் மாட்டினாலும் துணி தொங்காது. ரோட் வயர்லெஸ் கோ 2 அதைவிடக் கனம், சுமார் 30 கிராம். மெல்லிய துணியை இழுத்துக்கொண்டு குனியும். ஆனால் அதற்கு ஒரு பெரிய குணம் உண்டு: சட்டையில் இருக்கும் பகுதி தனக்குள்ளேயே ஒரு பதிவை வைத்துக்கொள்கிறது. டிஜேஐ மைக் 2க்கும் அது உண்டு, ஹெட்போனில் கேட்கத் துளையும் அதன் ரிசீவரில், அதாவது கேமராப் பக்கம் ஒலியை வாங்கும் பகுதியில் உண்டு. முன்னே சொன்ன இரண்டு சின்ன மைக்குகளிலும் உள்பதிவு கிடையாது.

உள்பதிவை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம், இவை எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்கின்றன. வைஃபையும் புளூடூத்தும் அதே அலைதான். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இந்த அலையை விழுங்கும். பெட்டியில் 200 மீட்டர் என்று போட்டிருப்பது தடையே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. பெரியவர் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தென்னந்தோப்புக்குள் நடந்தால் அதில் கால்வாசி தூரத்திலேயே பேச்சு விட்டுவிட்டு வரலாம். உள்ளே ஒரு பதிவு இருந்தால் கவலையில்லை. நானாக இருந்தால் உள்பதிவு இல்லாத புது மைக்கைவிட, அது உள்ள பழைய மாடலை நல்ல நிலையில் யாராவது விற்றால் வாங்குவேன்.

வயர்லெஸ் வாங்கிக் கேமராவில் போடும்போது, 200டியில் சவுண்ட் ரெக்கார்டிங் மெனுவுக்குப் போய் ஆட்டோவை எடுத்து மேனுவலில் வையுங்கள். ஆட்டோவில் இருந்தால் பெரியவர் யோசித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் கேமரா இரைச்சலைத் தூக்கிவிடும். கேமராவின் அளவைத் தாழ்த்தி, ரிசீவரின் அளவைக் கூட்டுங்கள். உரக்கப் பேசும்போது கேமராவின் ஒலி அளவு முள் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் சரி.

50,000, 60,000 ரூபாய்க்கு வரும் சென்ஹைசர், சோனி வயர்லெஸ் செட்டுகள் யுஎச்எஃப் என்ற, 2.4 கிகாஹெர்ட்ஸைவிடத் தாழ்ந்த அலையில் வேலை செய்பவை. உடம்பு குறுக்கே வந்தாலும் அவ்வளவாக அறுபடாது, கூட்டத்திலும் தாங்கும். கல்யாணம், மேடை என்று ஒரே தடவை நடப்பதைப் பதிவுசெய்து பிழைக்கிறவர்களுக்கு அது தேவை. உங்கள் வேலைக்குத் தேவைப்படாது.

தாத்தா, பாட்டி இருவர் பேசும்போது இரண்டு மைக்கையும் ஆளுக்கொன்று மாட்டி, இரண்டு போனிலும் தனித்தனியாகப் பதிவுசெய்யுங்கள். ஒரே கைதட்டல் இரண்டுக்கும் போதும். ஒரே மைக்கை நடுவில் வைத்தால் இருவருமே தூரமாகிவிடுவார்கள். எடிட்டிங்கில் தாத்தா பேசும்போது பாட்டியின் மைக்கைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், முழுவதும் அணைக்க வேண்டாம். அவர் இடையில் 'ஆமா' போடுவதும் சிரிப்பதும் வேண்டும்.

மைக்கைக் கழற்றும் முன்பு, இருவரையும் அரை நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லி அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவுசெய்துகொள்ளுங்கள். பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் அடியில் போட அது உதவும். அதை எடுக்காமல் வந்துவிட்டால் பின்னால் வேறு எங்கேயும் கிடைக்காது. அந்தத் திண்ணையின் காக்கைச் சத்தமும் கோழிச் சத்தமும் அந்தத் திண்ணையில்தான் இருக்கும்.